அமெரிக்காவில் முதல் கார்டா? ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கட்டுங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து முதல் கிரெடிட் கார்டு வாங்கியவர்கள், ஸ்டேட்மென்ட் போடும் தேதிக்கு மூன்று நாள் முன்பே பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள்.

பெரும்பாலான வங்கிகள் கிரெடிட் பீரோக்களுக்கு (கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்களுக்கு) சொல்வது, ஸ்டேட்மென்ட் அன்று நிற்கும் பாக்கியைத்தான். 300 டாலர் டெபாசிட் கட்டி வாங்கிய செக்யூர்டு கார்டுக்கு லிமிட்டும் பெரும்பாலும் 300தான். மளிகை, பெட்ரோல், போன் பில் என்று 240 டாலர் தேய்த்தால், கெடுவுக்குள் முழுசாகக் கட்டினாலும் பதிவாவது 80 சதவீதப் பயன்பாடு, அதாவது லிமிட்டில் 80 சதவீதம் பாக்கி. இது உங்கள் கிரெடிட் ஸ்கோரை (கடன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்ணை) இறக்கும். முன்கூட்டியே 225 கட்டியிருந்தால் பதிவாவது வெறும் 5 சதவீதம். அந்த மீதி 15 டாலரை ஸ்டேட்மென்ட் வந்தபின் கெடுவுக்குள் கட்டுங்கள். மொத்தமாகத் துடைத்துப் பூஜ்யமாக்க வேண்டாம். எல்லா கார்டிலும் பூஜ்யம் என்றால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். பாக்கியை இழுத்து வட்டி கட்டினால் ஸ்கோர் ஏறும் என்பதோ சுத்தக் கட்டுக்கதை.

கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகாவிட்டால், கடன் தருவோர் பரவலாகப் பார்க்கும் ஃபைகோ (FICO) ஸ்கோரே வராது. அதுவரை இதனால் பலன் தெரியாது. பரவலாகப் புழங்கும் ஸ்கோர் முறைகள் போன மாதப் பயன்பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே புது கார்டுக்கோ கார் லோனுக்கோ விண்ணப்பிக்கும் முந்தைய மாதம் செய்தாலே போதும். 'கிரெடிட் வரலாறு குறைவு' என்று நிராகரித்திருந்தால் இந்த வழி உதவாது. அதற்குக் காலம்தான் ஓட வேண்டும்.