ஆய்வுக் குழுவில் மறுத்து எழுதும் முறை

நெல்லைச் சீமையில் கல்வெட்டும் அகழாய்வும் பேசப்படும் வாட்ஸ்அப் குழுக்களில் மூளும் பூசல்கள் பெரும்பாலும் கருத்து வேறுபாட்டால் வருவதில்லை. இருவரும் வெவ்வேறு செய்தியைப் பேசிக்கொண்டிருப்பதை இருவருமே கவனிக்காததால் வருகின்றன. ஆகவே எந்த வரியை மறுக்கிறீர்களோ அந்த வரியையே சுட்டி, அதை நீங்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

ஆதிச்சநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாக ஒருவர் எழுதினால் உடனே "தவறு" என்று பதிலிட வேண்டாம். அவ்வூர் இன்று உள்ள தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 1986இல்தான். அவர் அதற்கு முந்தைய அறிக்கை ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

காலக்கணக்கில்தான் வம்பு அதிகம். தூத்துக்குடி மாவட்ட அகழாய்வுத் தலமான சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன். இரும்பின் தொன்மை குறித்து 2025இல் வெளியான அறிக்கையோ அதே ஊருக்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலத்தைத் தருகிறது. இந்நிலையில் "சிவகளை 3200" என்று மொட்டையாக எழுதினால் குழப்பமே மிஞ்சும். எந்தப் பொருள், எந்த அறிக்கை, கி.மு.வா அல்லது இத்தனை ஆண்டுகளுக்கு முன்பா என்பவற்றைச் சேர்த்தே எழுதுங்கள். தென்பகுதிக் கல்வெட்டுகளில் வரும் கொல்லம் ஆண்டும் இப்படித்தான்: அது ஆவணியில் பிறப்பதால், கி.பி. ஆண்டைக் காண டிசம்பர் முடிய 824ஐயும் ஜனவரி முதல் 825ஐயும் கூட்ட வேண்டும், மாதத்தைச் சொல்லாமல் ஓராண்டு வேறுபாட்டுக்கு மல்லுக்கு நிற்பது வீண்.

நேரில் சிரித்தபடி "இது எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால் எவரும் வருந்தமாட்டார். எழுத்தில் அந்தச் சிரிப்பு தெரியாது; "ஆதாரம்?" என்ற ஒற்றைச் சொல் குறுக்கு விசாரணையாகவே படும். "இந்தக் கல்வெட்டு வாசிப்பு எந்தத் தொகுதியில் உள்ளது ஐயா? நானும் பார்க்க விரும்புகிறேன்" என்று கேளுங்கள். பழகாதவரை மறுக்கும்போது "அண்ணாச்சி" போடாதிருப்பது நல்லது. அங்கே அது கேலியாக ஒலிக்கும்.

எழுத்துப்பிழையைத் தனிச்செய்தியில் சொல்லலாம். தவறான ஆண்டை மட்டும் குழுவிலேயே திருத்துங்கள், ஏனெனில் அது அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போய்விடும். பிறர் எடுத்த மைப்படியையோ (கல்வெட்டின் மீது தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படி) அச்சேறாத வாசிப்பையோ அவர் இசைவின்றி வெளியே அனுப்பக் கூடாது.

உங்கள் பதிவே தவறென்று தெரிந்தால் அதை அழிக்காமல், கீழே திருத்தம் எழுதுங்கள். அழித்துவிட்டால் அதற்கு வந்த பதில்கள் அந்தரத்தில் நிற்கும். பின்னர் படிப்பவருக்கு யார் எதை மறுத்தார் என்பதே விளங்காது.