தபால் ஓட்டில் கையெழுத்து ஒத்துப்போகவில்லையா? அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

இது யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அதிபர், காங்கிரஸ், மாநிலத் தேர்தல்களில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். எச்1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், டி.எம்.வி. என்கிற மோட்டார் வாகன அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பதிந்து ஓட்டும் போட்டுவிட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும். நாடு கடத்தல் வரைக்கும்கூடப் போகலாம். தவறுதலாக உங்கள் பெயருக்கு வாக்குச்சீட்டு வந்துவிட்டால், அதைப் பிரிக்காமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இனி, புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில். இங்கே பதிவு செய்த எல்லோருக்கும் தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாக நிரப்பி, உறையில் போட்டு, உறைமேல் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். நம் ஊர் வாக்குச்சாவடியில் அடையாள அட்டையும் பட்டியலும் விரல் மையும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே அந்த ஒரு கையெழுத்து செய்கிறது. உங்கள் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உறையையே பிரிப்பார்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். என் மனைவி முதன்முதலாக இங்கே ஓட்டுப் போட்டபோது, ஊர் வங்கியில் போடுவது போல இனிஷியலோடு தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பதிவில் இருந்ததோ, பல வருடங்களுக்கு முன்பு டி.எம்.வி. கவுன்டரில், வழுக்கும் மின்பலகையில் அவசரமாக ஆங்கிலத்தில் கிறுக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வேறு வேறு ஆள் போலத்தான் தெரியும். தேர்தல் முடிந்து சில நாளில் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல) தேர்தல் அலுவலகத்திலிருந்து மெல்லிய கடிதம் ஒன்று வந்தது. மளிகைக் கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே கிடந்தது, குப்பைக்குப் போக வேண்டியது. பிரித்துப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கள்ள ஓட்டு என்று கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

அப்படி எதுவும் இல்லை. உங்கள் ஓட்டு தள்ளுபடி ஆகாமல் இருக்கத்தான் அந்தக் கடிதமே வருகிறது. இங்கே இதை 'பேலட் கியூர்' என்பார்கள். உள்ளே ஒற்றைப் பக்கப் படிவம் இருக்கும். அந்த வாக்குச்சீட்டை அனுப்பியது நான்தான் என்று உறுதிமொழி, கீழே கையெழுத்து, முகவரி, அவ்வளவுதான். கையெழுத்தே போடாமல் அனுப்பியவர்களுக்கும் இப்படி ஒரு படிவம் உண்டு. தபாலிலோ, மின்னஞ்சலிலோ, ஃபேக்ஸிலோ, நேரிலோ கொடுக்கலாம். கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். அது தேர்தல் முடிந்த பிறகும் சில நாள் வரை நீளும். முடிவு அறிவித்தாயிற்றே, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இழுபறித் தொகுதிகளில் எண்ணிக்கை வாரக்கணக்கில் நடக்கும்.

2020 பொதுத் தேர்தலில் நாடு முழுக்கத் திரும்பி வந்த தபால் வாக்குகளில் சுமார் 0.8 விழுக்காடு நிராகரிக்கப்பட்டன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் காரணம் கையெழுத்து ஒத்துப்போகாததுதான். என் அப்பா பள்ளி ஆசிரியர். தேர்தல் பணிக்குப் போகும்போது ஊரில் தபால் ஓட்டுப் போடுவார். 13ஏ உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் எண்ணும் மேசையிலேயே அந்த ஓட்டு செல்லாது, திருத்த வழியில்லை. இங்கே கேட்டுத் திருத்த அவகாசம் தருகிறார்கள் என்றால் அதை விடலாமா?

கலிபோர்னியாச் சட்டம் வாக்காளர் பக்கம்தான் நிற்கிறது. கையெழுத்து உங்களுடையது என்று நம்பித்தான் பார்க்கத் தொடங்க வேண்டும். முதல் பெயருக்குப் பதில் இனிஷியல் இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது. ஆனாலும் குடியுரிமையோடு பெயரை மாற்றியவர்கள், அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கியவர்கள், கையெழுத்தை மாற்றியவர்கள் எல்லாம் மறுபடி பதிவு செய்து புதுக் கையெழுத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்தே கொடுங்கள். 2026இல் தேர்தல் நவம்பர் 3, செவ்வாய். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு தீபாவளி. ஊருக்குப் போயிருக்கும்போது கடிதம் வந்தால் பூட்டிய வீட்டில் யார் பார்ப்பார்கள்? மாநிலத்தின் 'வேர்ஸ் மை பேலட்' சேவையில் பதிந்து வைத்தால், உங்கள் ஓட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும்.

இன்னொரு பழக்கத்தை விட்டாக வேண்டும். ஊரில் எந்த விண்ணப்பத்தில் அடித்தல் திருத்தல் இருந்தாலும் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடுவோம். வாக்குச்சீட்டில் அதைச் செய்யவே கூடாது. யார் ஓட்டு என்று காட்டிக்கொடுக்கும் எந்த எழுத்தும் அதில் இருக்கக் கூடாது. கட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டால் கவுன்டி அலுவலகத்தைக் கூப்பிட்டு வேறு சீட்டுக் கேளுங்கள், தருவார்கள். ஒரே வீட்டில் இருவர் ஓட்டுப் போட்டால் உறை மாறாமல் பாருங்கள். அவரவர் பெயர் அச்சிட்ட உறையில் அவரவர் கையெழுத்து.

மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. பென்சில்வேனியாவில் உள்ளுறை, வெளியுறை என இரண்டு உண்டு. உள்ளுறை இல்லாமல் அனுப்பினால் எண்ண மாட்டார்கள், திருத்த இடம் கொடுப்பதும் கவுன்டியைப் பொறுத்தது. டெக்சாஸில் 65 வயதானவர்கள் தபால் ஓட்டுக் கேட்கலாம். ஆனால் உறையின் மடிப்புக்குள் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ எழுதியே ஆக வேண்டும். இந்த விதி வந்த புதிதில், 2022 மார்ச் உட்கட்சித் தேர்தலில், 24,000க்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் தள்ளப்பட்டன.

வயதான பெற்றோர் குடியுரிமை வாங்கியிருந்து, பார்வைக் குறைவாலோ உடல் இயலாமையாலோ எழுதப் படிக்கத் தெரியாததாலோ உதவி தேவைப்பட்டால், படித்துக் காட்டவும் நிரப்ப உதவவும் அவர்கள் விரும்பும் ஆளை வைத்துக்கொள்ள கூட்டாட்சிச் சட்டமே இடம் தருகிறது. அவர்களுடைய முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. ஆனால் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று அவருடைய கையெழுத்தை நீங்கள் போட்டுவிடாதீர்கள். கலிபோர்னியாவில் அவர் ஒரு குறி இட்டாலே போதும், பக்கத்தில் சாட்சியாக ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி நீங்களாகவே இருக்கலாம்.