சொகுசுக் கப்பல் ஊழியர்களுக்குக் கூடுதல் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்போது, எப்படி

முதன்முறை சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர்கள் டிப்ஸ் விஷயத்தில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். சிலர், ஏற்கெனவே பிடித்தாகிவிட்ட பணம் தெரியாமல், ஒவ்வொரு பில்லிலும் மறுபடி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் சிலர், இறங்கும் நாள் காலையில் நூறு டாலர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் கேபினைப் பார்த்துக்கொண்டவரைத் தேடி நடைபாதையில் அலைவார்கள். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இரண்டும் நேராது.

இங்கே சொல்லும் கணக்கு, மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும் பெரிய கப்பல்களுக்கானது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களிலும் கணக்கு அமெரிக்க டாலரில்தான் ஓடும் என்பதால், அங்கிருந்து ஏறுகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: ஏற்கெனவே எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸைத் தாமாகவே கணக்கில் ஏற்றிவிடும். பில்லில் அது 'கிராஜுவிட்டி' அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று வரும். ராயல் கரீபியன் 2023 இறுதியில் இதைச் சாதாரண கேபினுக்கு 18.50 டாலர், சூட் அறைக்கு 21 டாலர் என்று உயர்த்தியது. நார்வீஜியன் குரூஸ் லைன் அதே ஆண்டில் 20 டாலருக்குக் கொண்டுபோனது. இந்தத் தொகை அவ்வப்போது ஏறிக்கொண்டே இருப்பது. டிக்கெட் போடும் அன்றைக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு கேபினுக்கு அல்ல, தலைக்கு. 18.50 வீதம் தம்பதி இருவருக்கு ஏழு இரவுக்கு 259 டாலர். அதே கேபினில் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் 518. (கார்னிவலில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிடையாது. மற்ற நிறுவனங்களில் வயது வரம்பு வேறுபடும்.) குடும்பமாகப் போகிறவர்கள் இந்தத் தொகையைப் பார்த்து அதிர்ந்துபோவதே வழக்கம். ஆகவே பயணச் செலவைப் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே கட்டும் வசதியும் உண்டு. கட்டிவிட்டால் இடையில் கட்டணம் ஏறினாலும் பொதுவாக உங்களைத் தொடாது. டிராவல் ஏஜென்ட் மூலம் கட்டியிருந்தால், கப்பலில் இரண்டாம் நாளே நிறுவனத்தின் செயலியில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். முன்பணம் பதிவாகாமல் தினசரித் தொகையும் ஏறிக்கொண்டிருந்தால், ரசீதைக் காட்டி கெஸ்ட் சர்வீசஸ் (பயணிகள் உதவி) கவுண்டரில் அன்றைக்கே சரிசெய்துகொள்ளலாம். கடைசி நாள் அந்த வரிசையில் நிற்பது பெரும்பாடு.

ரீஜென்ட், சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்விலைக் கப்பல்களிலும், பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களிலும் டிப்ஸ் பயணக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். அங்கே தினசரிப் பிடித்தம் கிடையாது. மேலே ஏதும் கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

படி 2: தினசரித் தொகையை நீக்காதீர்கள்

"அதை நீக்கச் சொல்லிவிட்டு, நமக்கு வேலை செய்தவருக்கே ரொக்கமாகக் கொடுத்துவிடலாமே" என்று பலருக்கும் தோன்றும். பல நிறுவனங்களில் கவுண்டரில் கேட்டால் நீக்கியும் தருவார்கள். ஆனால் நீங்கள் நினைத்தது நடக்காது.

அந்தத் தொகை உங்கள் கண்ணில் படுகிறவர்களுக்கு மட்டும் போவதில்லை. உணவுக்கூடம், கேபின் பராமரிப்பு ஆகியவற்றோடு, நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத பின்னணி ஊழியர்களுக்கும் அதில் பங்குண்டு. அதோடு, சில நிறுவனங்களில் இன்னொரு விதி உண்டு: தினசரித் தொகையை நீக்கிய பயணியிடமிருந்து வாங்கும் ரொக்கத்தை ஊழியர் பொதுப் பணத்தில் சேர்த்துவிட வேண்டும். யார் நீக்கினார்கள் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். நீங்கள் ஒருவருக்கென்று கொடுத்த இருபது டாலர் பொதுவில் கரைந்துபோகும். தினசரித் தொகை அப்படியே இருந்தால், மேலே கொடுக்கும் ரொக்கம் முழுவதும் அவர் கையில் நிற்கும். கூடுதல் டிப்ஸுக்கு அர்த்தம் இருப்பதே அப்போதுதான்.

சேவையில் குறை இருந்தால் தொகையை வெட்டுவதைவிட, நடந்த அன்றைக்கே கவுண்டரில் சொல்வது பலன் தரும். வேறு ஊழியரை மாற்றிக் கொடுக்கக்கூட வழியுண்டு.

படி 3: பில்லில் இருக்கும் காலி வரியைக் கவனியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. மதுக்கூடத்தில் ஒரு பானம் வாங்கினால், கையெழுத்துக்கு வரும் சீட்டில் முதலில் பானத்தின் விலை, அடுத்து பொதுவாக 18 முதல் 20 சதவீத கிராஜுவிட்டி, அதன் கீழே 'கூடுதல் டிப்' என்று ஒரு காலி வரி, கடைசியில் மொத்தம் என்று இருக்கும். காலி இடத்தைப் பார்த்ததும், அமெரிக்க உணவகப் பழக்கத்தில் அதே அளவை இன்னொரு தடவை எழுதிவிடுகிறார்கள். டிப் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. அந்த வரியில் ஒரு கோடு இழுத்துவிட்டு மொத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அழகுநிலையம், மசாஜ், தனிக் கட்டண உணவகம் எல்லாவற்றிலும் இதே கதைதான். பானங்களுக்கான பேக்கேஜ் வாங்கியிருந்தால் டிப் அதன் விலையோடே பிடிக்கப்பட்டிருக்கும்.

அந்தக் காலி வரிக்கு ஒரு நல்ல பயனும் இருக்கிறது. சில சமயம் முன்பதிவுச் சலுகையாகக் கப்பலிலேயே செலவழிக்க வேண்டிய பணம் உங்கள் கணக்கில் இருக்கும். திரும்பக் கிடைக்காத அந்தப் பணம் கடைசி நாளில் மிச்சமிருந்தால், பிடித்த பார் ஊழியருக்கு அந்த வரியில் பத்து டாலர் எழுதலாம். கையிலிருந்து ஒன்றும் போகாது.

படி 4: யாருக்கு எவ்வளவு

சட்டம் எதுவும் இல்லை. ஏழு இரவுப் பயணத்துக்குப் பழக்கத்தில் இருக்கும் அளவுகள் இவை. மூன்று நான்கு இரவு என்றால் பாதி போதும்.

- கேபின் ஸ்டூவர்ட் (கேபினைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்பவர்): ஒரு கேபினுக்கு 20 முதல் 50 டாலர். நான்கு பேர் தங்கி, சோஃபாவைத் தினமும் கட்டிலாக்கி மடித்து வைக்க வேண்டியிருந்தால் மேல் அளவை ஒட்டிக் கொடுப்பது நியாயம்.
- இரவு உணவில் தினமும் ஒரே மேஜை என்றால் வெய்ட்டருக்கு 15 முதல் 25, உதவி வெய்ட்டருக்கு 10 முதல் 15. தினமும் வேறு மேஜை என்றால், மனதில் நின்றவருக்கு அன்றைக்கே ஐந்து டாலர்.
- மதுக்கூடம், காபிக் கவுண்டர்: அடிக்கடி போகும் இடம் என்றால் முதல் நாள் 5, கடைசி நாள் 10.
- அறைக்கு உணவு கொண்டுவருபவர்: ஒரு தடவைக்கு 2 முதல் 5.
- துறைமுகத்தில் பெட்டி வாங்கும் போர்ட்டர்: பெட்டிக்கு 1 முதல் 2. இவர்கள் கப்பல் ஊழியர்கள் அல்ல. தினசரித் தொகையில் இவர்களுக்குப் பங்கில்லை.
- கரையில் சுற்றிக்காட்டும் வழிகாட்டி: அரை நாளுக்கு ஆளுக்கு 5 வரை, முழு நாளுக்கு 10 வரை. ஓட்டுநருக்குத் தனியாக 2 அல்லது 3.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மறுநாளைக்கான இந்திய சைவ உணவை முந்தின இரவே கேட்டுக் குறித்துக்கொண்டு, சமையலறையில் சொல்லி ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் தலைமை வெய்ட்டர்தான். மேஜைக்கு அவர் இரண்டு நிமிடம் மட்டும் வந்து போவதால் கடைசி நாளில் எளிதாக மறந்துபோகும். வாரம் முழுக்கத் தனியாகச் சமைத்து வந்திருந்தால் அவருக்கும் 10 முதல் 20 டாலர் ஒதுக்குங்கள்.

கேப்டன், அதிகாரிகள், மருத்துவர், மேடைக் கலைஞர்கள், பயண நிகழ்ச்சி இயக்குநர் ஆகியோருக்கு டிப் கொடுப்பதில்லை. குழந்தைகள் கிளப் ஊழியர்களுக்கு விதி கப்பலுக்குக் கப்பல் மாறும். கொடுக்கலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஜப்பானியத் துறைமுகங்களில் டிப் கொடுக்கும் வழக்கமே இல்லை. கொடுத்தால் வாங்குபவருக்குத்தான் சங்கடம்.

படி 5: நோட்டுகளை ஊரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்

பணமாற்று நிலையத்தில் கேட்காமல் விட்டால் நூறும் ஐம்பதுமாகத்தான் தருவார்கள். சில்லறை நோட்டு வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். தம்பதி இருவர், ஏழு இரவு, இரண்டு அரை நாள் கரைச் சுற்றுலா என்று ஒரு கணக்கு போட்டால்: ஸ்டூவர்டுக்கு 40, வெய்ட்டருக்கு 20, உதவியாளருக்கு 15, மதுக்கூடத்துக்கு 15, அறைக்கு உணவு இரண்டு தடவைக்கு 6, போகவும் வரவும் போர்ட்டர்களுக்கு 8, வழிகாட்டிகளுக்கு 20. மொத்தம் 124 டாலர். நோட்டாக எடுத்தால் இருபது டாலர் நோட்டு மூன்று, பத்து டாலர் நான்கு, ஐந்து டாலர் இரண்டு, ஒரு டாலர் பதினான்கு. ஓட்டுநர்களுக்கும் கையிருப்புக்கும் ஐந்து டாலர் நோட்டு இன்னும் நான்கு இருந்தால் நிம்மதி.

போர்ட்டருக்கான ஒரு டாலர் நோட்டுகள் கப்பல் ஏறும் முன்பே தேவைப்படும் என்பதால் அவற்றைச் சட்டைப்பையில் தனியாக வையுங்கள். மற்றவை கேபின் பெட்டகத்தில் இருக்கட்டும்.

நோட்டின் நிலையும் முக்கியம். கப்பல் ஊழியர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவைச் சேர்ந்தவர்கள். அந்தப் பணம் கடைசியில் அவரவர் ஊர்ப் பணமாற்றுக் கடைக்குத்தான் போகும். இந்தோனேசியாவில் மடிப்பு விழுந்த, பேனாக் கோடு உள்ள, ஓரம் கிழிந்த டாலரைப் பல கடைகள் திருப்பி அனுப்பிவிடும். சிறிய நோட்டுகளுக்கு விலையும் குறைத்துத் தருவார்கள். ஆகவே இருபது ஒரு டாலர் நோட்டுகளைக் கட்டாகக் கொடுப்பதைவிடச் சுத்தமான ஒற்றை இருபது டாலர் நோட்டு அவருக்கு அதிகப் பயன் தரும். நாணயம் வேண்டவே வேண்டாம், அதைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. 'அவரும் நம்ம ஊர்க்காரர்தானே' என்று ரூபாய் கொடுக்கவும் வேண்டாம். விடுமுறைக்கு ஊர் திரும்ப அவருக்கு இன்னும் மாதங்கள் இருக்கலாம்.

மறந்து வந்துவிட்டால் கெஸ்ட் சர்வீசஸில் பெரிய நோட்டை மாற்றித் தருவார்கள். பயணத்தின் நடுவில் போங்கள். கடைசி மாலையில் அங்கே சில்லறை தீர்ந்துபோவது சகஜம். கப்பல் ஏடிஎம்மில் கட்டணம் கடுமை.

படி 6: எப்போது கொடுப்பது

கப்பலிலிருந்து இறங்கும் காலை மிக மோசமான நேரம். ஸ்டூவர்டுகள் அடுத்த பயணிகளுக்காக ஒரே மூச்சில் அத்தனை கேபின்களையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வெய்ட்டர் எந்தத் தளத்தில் காலை உணவு பரிமாறுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

வெய்ட்டருக்குக் கடைசி இரவு உணவு முடிந்ததும் கொடுங்கள். ஊர் ஹோட்டலில் வைப்பதுபோல் மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். மேஜையைத் துடைக்க வருபவர் வேறு ஆளாக இருக்கலாம். கையில் கொடுங்கள்.

ஸ்டூவர்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ராயல் கரீபியன், கார்னிவல் உட்படப் பல நிறுவனங்களில் சாதாரண கேபின்களுக்கு இப்போது தினம் ஒருமுறைதான் சுத்தம். நீங்கள் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் கடைசி மாலையில் அவர் உங்கள் பக்கம் வரப்போவதில்லை. அதனால் கடைசி முழு நாளின் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் நாளே கொடுப்பவர்களும் உண்டு. கட்டிலைப் பிரித்துப் போடுவது, கூடுதல் தலையணை, தினமும் ஐஸ் வாளி என்று கோரிக்கைப் பட்டியல் இருந்தால் முதல் நாளே பத்து டாலரோடு சொல்வதில் தப்பில்லை. ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றால் அவசியமில்லை.

படி 7: உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்

கேபினில் பெயரில்லாமல் கிடக்கும் பணத்தை ஸ்டூவர்ட் தொட மாட்டார். திருட்டுப் புகார் வந்தால் வேலை போய்விடும் என்ற பயம். நேரில் கொடுக்க முடியாவிட்டால் உறையில் போட்டு, அவருடைய பெயர், 'நன்றி', உங்கள் கேபின் எண் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தலையணை மேல் வையுங்கள். பெயர் சட்டையிலுள்ள வில்லையில் இருக்கும். அதைப் பார்த்து முதல் நாளே செல்பேசியில் குறித்துக்கொண்டால் எழுத்துப் பிழை வராது. உறை கவுண்டரில் கேட்டால் கிடைக்கலாம். ஊரில் மொய்க்கு வாங்கிய கவர் நான்கைந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் அந்தத் தேடலும் மிச்சம், ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் பிய்த்துவிடுங்கள்.

ரொக்கம் இல்லையென்றால், ஊழியரின் பெயர், பொறுப்பு, தொகை மூன்றையும் சொல்லிக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கெஸ்ட் சர்வீசஸில் கேளுங்கள். ரொக்கம் அளவுக்கு உடனே கையில் சேராது, அவ்வளவுதான்.

பணத்தோடு தின்பண்டம் கொடுக்க விரும்பினால் கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலமாக இருக்கட்டும். வீட்டு முறுக்கும் அதிரசமும் அன்பாகத்தான் கொண்டுபோவீர்கள். ஆனால் பிரித்த உணவை வாங்க அவர்களுக்கு அனுமதி இருக்காது.

படி 8: பெயரை எழுத்தில் சொல்லுங்கள்

பயணம் முடிந்த சில நாளில் மின்னஞ்சலில் ஒரு கருத்துக் கணிப்பு வரும். 'எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பெயர், பொறுப்பு, தளம் அல்லது உணவுக்கூடம், செய்த காரியம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். 'எட்டாம் தளத்தில் எங்கள் ஸ்டூவர்ட் இன்னார், என் அம்மாவின் சக்கர நாற்காலி திரும்புவதற்காகத் தினமும் மேஜையை நகர்த்தி வைத்தார்' என்று இருந்தால் மேலாளர் அதை அவருக்குப் படித்துக் காட்டலாம், அவருடைய பணிப்பதிவிலும் சேர்க்கலாம். கப்பலில் இருக்கும்போதே கவுண்டரில் கருத்து அட்டை வாங்கி எழுதிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.