பாசத்தோடு செய்தும் கேக் சொதப்புவது ஏன்?

மே மாத வெயில். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறோம், என் மடியில் எட்டு இன்ச் பிளாக் ஃபாரஸ்ட் கேக். அம்மா அப்பாவுக்கு அன்று நாற்பதாவது கல்யாண நாள். எட்டயபுரத்தில் டீ குடிக்க இறங்கினோம், கேக்கை சீட்டில் வைத்துவிட்டு. பத்தே நிமிடம்தான். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தால் மேல் அடுக்கு இரண்டு விரற்கடை நகர்ந்து, செர்ரியெல்லாம் ஒரு ஓரமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "ஏளா, வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று கத்தியை வாங்கி வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டு மனிதர்களுக்குச் செய்வதில் உள்ள சிக்கலே இதுதான், அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "சூப்பரா இருக்கு" என்பது பாராட்டே இல்லை, மரியாதை. கேட்காமல் இரண்டாவது துண்டு எடுக்கிறார்களா, தட்டில் எதை ஒதுக்கி வைக்கிறார்கள், மிச்சத்தை மறுநாள் யார் தேடுகிறார்கள், இதைத்தான் நான் கவனிப்பேன். ஒன்பது வருடமாக இப்படி தட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவை கீழே.

முதலில் அந்தக் கார் கேக். க்ரீம் மோசம் என்று நானும் நினைத்தேன், ஆனால் தவறு முந்தின நாளே நடந்துவிட்டது. கேக் ஆற ஒரு மணி நேரம்கூட விடாமல் க்ரீம் தடவிவிட்டேன், தொட்டால் வெளியே சூடு தெரியாது, நடுவில் இருக்கும். அந்தச் சூட்டில் க்ரீமின் அடிப்பகுதி இளகி, இரண்டு அடுக்குக்கும் நடுவில் எண்ணெய் தடவியது போல் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் முந்தின நாளே கேக்கைச் செய்து, முழுக்க ஆறியதும் கவரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில்தான் க்ரீம் அடிக்கிறேன், பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் முன்பே ஃப்ரீசரில் போட்டு. வெளியூர் என்றால் அடுக்குகளைத் தனியாக, க்ரீமைத் தனியாக ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே அடுக்குவதுதான் நிம்மதி. இன்னொன்று, கடையில் சின்ன அட்டைப் பெட்டியில் வரும் சாதாரண ஃப்ரெஷ் க்ரீமை அடித்துக்கொண்டே இருந்தால் கெட்டியாகும் என்று நம்பாதீர்கள். அதில் கொழுப்பு 25 சதவீதம்தான் இருக்கும். அடித்து நிற்கவைக்க 35 சதவீதம் பக்கம் வேண்டும், அல்லது விப்பிங் க்ரீம் என்றே விற்பதை வாங்க வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் அடித்தேன். கை வலி மிச்சம்.

இதோடு சேர்ந்ததுதான் "ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்". ரெசிபிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் வீட்டு ரூம் வேறு, நம் ரூம் வேறு! வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது காற்று உள்ளே நிற்க வேண்டுமானால் வெண்ணெய் 18, 20 டிகிரி வாக்கில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். மதுரையில் ஏப்ரல் மாதம் சமையலறையில் அரை மணி நேரம் வைத்தால் அது நெய் ஆகிற வழியில் போய்க்கொண்டிருக்கும், 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடுமே. உருகிய வெண்ணெயில் காற்று தங்காது, கேக் களி மாதிரி அமுங்கும். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து துண்டு போட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் அடிக்க ஆரம்பித்துவிடுங்கள், கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். சர்க்கரையையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், நம்மூர் சர்க்கரை கொஞ்சம் பரல் பரலாக இருக்கும், சீக்கிரம் கரையாது.

அளவு பற்றிப் பேசினால் எங்கள் வீட்டில் சண்டை வரும். "எங்கம்மா கண்ணளவில்தானே செய்தாங்க" என்பார் வீட்டுக்காரர். சாம்பாருக்குச் சரி, கேக்குக்கு ஆகாது. ஒரு கப் மைதாவை ஸ்பூனால் அள்ளிப் போட்டு மேலே வழித்தால் சுமார் 125 கிராம், அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 தாண்டும். இரண்டு கப்புக்கு 50 கிராம் மாவு கூடிவிட்டால் கேக் வறளாமல் என்ன செய்யும்? ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், நான் வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான். டின் விஷயமும் அப்படியே. ஆறு இன்ச்சுக்கும் எட்டு இன்ச்சுக்கும் இரண்டே இன்ச்தானே என்று தோன்றும், பரப்பளவைக் கணக்குப் போட்டால் 28 சதுர இன்ச்சும் 50 சதுர இன்ச்சும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆறு இன்ச் மாவை எட்டு இன்ச் டின்னில் ஊற்றினால் கிடைப்பது தடிமனான ரொட்டி.

ஓடிஜியில், அதாவது மேஜை மேல் வைக்கிற மின்சார ஓவனில், திருகி வைக்கிற 180, உள்ளே இருக்கிற 180 அல்ல. தனி தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன், என்னுடையதில் வைத்ததைவிட உள்ளே 20 டிகிரி அதிகமாக இருந்தது. நடு வெடித்து மலை மாதிரி எழும்பிய என் கேக்குகளுக்கெல்லாம் அதுதான் காரணம். பாதி நேரம் ஆவதற்குள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள், நடு குழிந்துவிடும்.

முட்டை இல்லாத கேக்குக்கு வருகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் என் மகனின் பிறந்தநாள் புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமையில் வந்தது. எனக்கு நாள் ஞாபகமே இல்லை. ஆறு முட்டை போட்டு ஸ்பாஞ்ச் செய்து, அலங்கரித்து, மேஜையில் வைத்துவிட்டேன். மாமியார், மதினி, மாடி வீட்டு அக்கா குடும்பம் என்று யாரும் தொடவில்லை. "பிள்ளைங்க சாப்பிடட்டும்மா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சுண்டலைச் சாப்பிட்டார்கள். இது சமையல் தவறே இல்லை, காலண்டர் தவறு. யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் அன்றைக்குச் சாப்பிடுவார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளி செவ்வாய், கார்த்திகையில் மாலை போட்டவர்கள், நோன்பு இருப்பவர்கள், எல்லாவற்றையும்.

மறுவாரமே தயிர் போட்டு முட்டையில்லா கேக் செய்தேன், அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. தயிரும் சமையல் சோடாவும் கலந்த நொடியிலிருந்து நுரைக்க ஆரம்பித்துவிடும், அந்தக் காற்று மாவுக்குள் இருக்கும்போதே ஓவனுக்குள் போய்விட வேண்டும். நான் கலந்துவிட்டு, அக்காவின் போனை எடுத்து, இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். வந்தது ரப்பர். ஓவன் சூடாகி, டின்னில் வெண்ணெய் தடவி, எல்லாம் தயாரான பிறகுதான் ஈரமும் உலர்ந்ததும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். சோடாவுக்குத் தயிர், எலுமிச்சை, வினிகர் என்று ஏதாவது புளிப்பு வேண்டும், பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு உள்ளேயே இருக்கிறது, ஆகவே ஒன்றுக்கு ஒன்று அதே அளவில் மாற்றாதீர்கள். பவுடர் பழையதாகிவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தால் ஒரு டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள், பொங்கவில்லை என்றால் குப்பைக்கு.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்காக நான் பெருமையாகச் செய்தது நாட்டுச்சர்க்கரை கேக். "இதுல சுகர் இல்லைப்பா" என்று சொல்லி மூன்று துண்டு கொடுத்தேன், அவரும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார், மறுநாள் காலை மெஷினில் பார்த்துவிட்டு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே பெரும்பாலும் அதே சர்க்கரைதான், நிறமும் வாசமும்தான் வேறு. சரி, வெள்ளைச் சர்க்கரையையே பாதியாகக் குறைத்தால்? இனிப்பு மட்டும் குறையாது, சர்க்கரைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பதால் கேக்கும் வறண்டு கெட்டிப்படும். கால் பங்கு குறைத்தால் பெரும்பாலும் தெரியாது, அதற்கு மேல் வேண்டாம். அப்பாவுக்கு இப்போது எல்லோருக்கும் செய்ததில் மெல்லிசாக ஒரு துண்டு, அவ்வளவுதான்.

அன்னாசி புட்டிங் இறுகாதது எனக்குப் பெரிய மர்மமாக இருந்தது. ஜெலட்டின் பாக்கெட்டில் சொன்னபடிதான் போட்டேன், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தது, காலையில் பார்த்தால் ஜூஸ். வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது, ஜெலட்டினே புரதம் என்பதால் அதை இறுகவே விடாது. பப்பாளியும் கிவியும் அப்படித்தான். பழத்தை சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறியதும் சேர்த்தால் பிரச்சினை இல்லை. அல்லது சைனா கிராஸ் போடுங்கள், அது பாசியிலிருந்து வருவது, அன்னாசிக்கு அசராது, ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும், சைவக்காரர்களும் சாப்பிடலாம். ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோல் எலும்பிலிருந்து வருவது என்று சொல்லாமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கேரமல் புட்டிங்குக்கு இரண்டே வார்த்தை: சிறு தீ, மூடிய கிண்ணம். தீ கூடினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், மூடாவிட்டால் இட்லிப் பானை மூடியிலிருந்து தண்ணீர் சொட்டும்.

தூத்துக்குடிக்காரியாக இருந்துகொண்டு மக்ரூன் செய்ய வராது என்பது எனக்கு மானப் பிரச்சினை. மூன்றே பொருள்தான், முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. நான்கு முறை தோற்றேன். முதல் முறை வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்துவிட்டது, அந்தக் கொழுப்பு போதும், நுரை எழும்பவே இல்லை. அடுத்தது பிளாஸ்டிக் பாத்திரம், எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், எவர்சில்வர்தான் நல்லது. மூன்றாவது முறை நுரை அழகாக, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது, முந்திரிப் பொடியைச் சேர்த்த இரண்டு நிமிடத்தில் இட்லி மாவாகத் தளர்ந்துவிட்டது. ஏனென்று மிக்ஸி ஜாரைத் துடைக்கும்போதுதான் தெரிந்தது. சுவரெல்லாம் எண்ணெய். நைசாக வரட்டும் என்று முந்திரியை விடாமல் ஓட்டியதில் அது எண்ணெய் கக்கியிருக்கிறது. கொஞ்சம் சர்க்கரையோடு சேர்த்து, விட்டு விட்டு நாலு சுற்று, ரவை பதத்தில் நிறுத்திவிட வேண்டும், பிறகு கரண்டியால் மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும். நான்காவது முறை 100 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உலரவைத்து, சரியாக வந்து, தட்டில் பரப்பி எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்தேன். கடல் காற்று. சாயங்காலத்துக்குள் பல்லில் ஒட்டுகிற மிட்டாய். ஐந்தாவது முறை ஆறிய கையோடு டப்பாவில் அடைத்தேன். அம்மா எடுத்துக் கடித்த சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது.

இந்த நான்கு தோல்வியும் யாருடைய விசேஷத்தன்றும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விசேஷத்தன்று முதல் முறையாக ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முக்கால்வாசி அழுகை அதில்தான். குறைந்தது ஒரு தடவை சும்மா ஒரு புதன்கிழமை செய்து பாருங்கள், உங்கள் ஓவனில், உங்கள் டின்னில்.

ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. அவளுக்காக க்ரீம் கேக், சாக்லேட் கேக், ரெட் வெல்வெட் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன், ஓரமாக ஒரு வாய் எடுத்துவிட்டு தட்டைத் தள்ளிவிடுவாள். ஓவன் தெர்மாமீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு சாதா வெண்ணெய் கேக் நடுவில் வெடித்து, மேல் தோல் கறுத்து வந்தது. வெட்கப்பட்டு அடுப்பங்கரையிலேயே மூடி வைத்திருந்தேன். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் கட்டைச்சுவரில் உட்கார்ந்து அந்தக் கறுத்த ஓரத்தைப் பிய்த்து பால் காப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பாதி காலி. "இது நல்லாருக்கே, இதை ஏன் முன்னாடியே செய்யல" என்றாள். இப்போது ஓவன் சரியாகிவிட்டது, கேக் வெடிப்பதில்லை. அவளுக்குச் செய்யும்போது மட்டும் கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியைத் தனியாகப் போட்டு, கறுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.