யூகேட் சூழ்நிலைப் பகுதி: கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் மருத்துவமோ பல் மருத்துவமோ படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் யூகேட் தேர்வில் கடைசியாக வருவது, எஸ்.ஜே.டி. எனப்படும் சூழ்நிலைத் தீர்மானப் பகுதி. ஒரு காட்சியைச் சொல்லி, அதில் ஒரு செயல் எவ்வளவு பொருத்தம் என்பதுபோலக் கேட்பார்கள். 26 நிமிடத்தில் 69 கேள்விகள். ஒன்றுக்கு 23 வினாடிகூட முழுதாகக் கிடைக்காது. முடிவை 1 முதல் 4 வரையான நிலைகளாகத் தருவார்கள், 1 சிறந்தது. நான்காம் நிலை வந்தால், மற்றப் பகுதிகளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. ஆனாலும், ‘நல்ல மனம் இருந்தால் போதும், இதற்குமா படிக்க வேண்டும்?’ என்று இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான்.

ஒரு காட்சியைப் பாருங்கள். வார்டில் மூத்த மருத்துவர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்துவிட்டு, கை கழுவாமலே அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். உடன் நிற்கும் மாணவர் அதைக் கவனித்துவிடுகிறார். ‘எல்லா நோயாளிகளையும் பார்த்து முடித்தபின் அவரிடம் தனியே சொல்வது’ எவ்வளவு பொருத்தம்? பெரியவர்களை நாலு பேர் முன்னால் திருத்தக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகளின் கை ‘மிகப் பொருத்தம்’ என்பதை நோக்கியே போகும். ஆனால் அதற்குள் அந்தக் கை அடுத்த நோயாளியின்மேல் பட்டிருக்குமே! தொடுவதற்கு முன்பே, தணிந்த குரலில், பணிவாக நினைவூட்டுவதுதான் சரி.

நேர்மாறான பிழையும் உண்டு. நோயாளி தன் மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறார். மாணவர் தாமே பதில் சொல்லிவிடுகிறார். அவர் படித்தது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் இன்னும் மருத்துவர் ஆகவில்லை. பொறுப்பில் இருப்பவரை அழைத்து வருவதே அவர் செய்யக்கூடியது. இந்த எல்லைகள் பிடிபட, பிரிட்டனில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வெளியிட்டுள்ள ‘குட் மெடிக்கல் பிராக்டிஸ்’ வழிகாட்டியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ‘ஒன்று மிகப் பொருத்தம், ஒன்று மிகத் தவறு’ என்று பங்கு பிரிப்பது அடுத்த தவறு. பொருத்தத்தை மதிப்பிடும் கேள்விகளில் ஒவ்வொரு செயலையும் தனியாகத்தான் எடைபோட வேண்டும். ஒரே காட்சியில் மூன்று செயல்கள்கூட மிகப் பொருத்தமாக அமையலாம். அதுபோல, ஒரு செயலே சிக்கல் முழுவதையும் தீர்த்துவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சோர்ந்து கிடக்கும் சக மாணவியிடம் தனியே நலம் விசாரிப்பதால் அவள் சிக்கல் முழுதும் தீராது. அதற்காக அது பொருத்தமற்றதாகிவிடாது.

நேரத்தைத் தின்பது, ‘மிகப் பொருத்தமா, ஓரளவு பொருத்தமா’ என்ற தடுமாற்றம். மதிப்பிடும் கேள்விகளில், சரியான விடைக்கு அருகில் போனாலும் பகுதி மதிப்பெண் உண்டு. ஆகவே பொருத்தமா, பொருத்தமற்றதா என்று முதலில் பக்கத்தை முடிவு செய்யுங்கள். அளவை அதன்பின் பார்க்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இருந்தும் கடைசி நிமிடத்தில் ஐந்தாறு கேள்விகளைத் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயம் வந்தால் ஒரு விடையைக் குறித்து, மீண்டும் பார்க்கக் கொடி அடையாளமிட்டு, நகர்ந்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.