வாயிலில் ஒரு கரும்பலகை: சங்கக் கிளைச் செய்தி எழுதுவது எப்படி

போன மாதம் வேலூரில் எங்கள் அரசு பஸ் டிப்போவின் தொழிற்சங்கக் கிளைக்குப் புதிய செயலாளர் தேர்வானார். காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸில் நடத்துநர், முப்பத்தைந்து வயதிருக்கும். பதவியேற்ற மறுநாளே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணா, மெமோ, விடுப்பு, சந்தா எல்லாவற்றையும் சமாளித்துவிடுவேன். டிப்போ வாயிலில் இருக்கும் அந்தக் கரும்பலகையில் என்ன எழுதுவது என்றுதான் புரியவில்லை" என்றார். நான் பத்தொன்பது ஆண்டுகள் அதில் எழுதியவன். அவருக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு கிளைகளில் இந்த வேலை யார் தலையிலாவது விழுந்திருந்தால் அவர்களுக்கும் பயன்படும்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது பலகை எதற்கு என்று அவரும் கேட்டார். குழுவில் இருநூறு காலை வணக்கத்துக்கு நடுவே ஒரு செய்தி வரும். அதை முதலில் எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பலகையில் எழுதியவன் யார் என்று டிப்போவுக்கே தெரியும். தப்பாக இருந்தால் அவனை டீக்கடையில் பிடித்து உலுக்கலாம். அந்தப் பயம் எழுதுகிறவனுக்கு நல்லது.

முதலில், படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். விடியற்காலை நான்கு மணி. நடத்துநர் டிக்கெட் மெஷினையும் பையையும் வாங்கிக்கொண்டு தன் வண்டி எந்த மூலையில் நிற்கிறது என்று தேடிப் போகிறார். ஓட்டுநர் தண்ணீர் பார்க்கிறார், டயரைத் தட்டிப் பார்க்கிறார். இடையில் ஒரு வாய் டீ. பலகைக்குக் கிடைப்பது அந்த ஒரு வாய் டீயின் நேரம்தான். அதனால் ஆறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஏழாவது வரியை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள். பணமும் தேதியும் முதல் வரியில் வரட்டும். "தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக" என்று தொடங்கினால் அந்த வரியைக் கண் தாண்டிவிடும். கூடவே அடுத்த வரியையும் தாண்டிவிடும். எழுத்து நான்கு விரல் உயரம் இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பத்தடி தூரத்திலிருந்து தெரியும்.

சாக்பீஸ் விஷயம் சின்னதுதான், ஆனால் சொல்லியாக வேண்டும். எங்கள் பலகை மேற்குப் பார்த்தது. வேலூர் வெயிலில் சாயங்காலத்துக்குள் எழுத்து வெளுத்துவிடும். மாலையில் கோடைமழை சாய்ந்து அடித்தால் மிச்சமும் போய்விடும். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்து, சாக்பீஸைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு எழுதுங்கள். எழுதும்போது மங்கலாக இருக்கும். காய்ந்தபின் பளிச்சென்று எழும்பும். சட்டை உரசினாலும் அழியாது. அழிக்க ஈரத்துணி வேண்டும். எறும்பு வரும் என்று பயமுறுத்துவார்கள். பத்தொன்பது ஆண்டில் இரண்டு முறைதான் வந்தது. பலகை வெளிறினால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்ப்பது என் பள்ளிக்கூடத்துப் பழக்கம். இப்போது டப்பாவில் பெயின்ட் கிடைக்கிறது, வாங்கி அடித்துவிடுங்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். உறுதியாகத் தெரியாத பணத்தைப் பலகையில் எழுதாதீர்கள்.

நான் எழுதினேன். எழுத ஆரம்பித்த மூன்றாவது வருடம். பஞ்சப்படி (அகவிலைப்படி) நிலுவை இந்த மாதச் சம்பளத்தோடு வருகிறது என்று தொலைபேசியில் ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லும் ஆசைதான் காரணம். மஞ்சள் சாக்பீஸில், அடிக்கோடு போட்டு எழுதினேன். ஒடுகத்தூர் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பெண்ணுக்குக் காது குத்துவதற்குத் தோடு செய்யச் சொல்லி ஆசாரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டார். சம்பளம் வந்தது. நிலுவை வரவில்லை. மறுநாள் காலை நான் போனபோது அவர் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. அந்த அடிக்கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சர்க்கரைத் தண்ணீர் சாக்பீஸ் ஆயிற்றே, அழியவில்லை. பேசாமல் வண்டி எடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பணம் பற்றிய செய்தி என்றால் உத்தரவின் எண்ணும் தேதியும் கையில் இருக்க வேண்டும், தாளை என் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று மட்டும் எழுதுவேன். தப்பாக எழுதிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடாதீர்கள். பழைய வரியின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே சரியானதை எழுதி, மூன்று நாள் வையுங்கள். ஷிப்ட் மாறி வருகிறவர்களும் வார ஓய்வில் போனவர்களும் திருத்தத்தைப் பார்க்க வேண்டாமா?

கணக்கை எழுதும்போது சதவீதத்தையும் மடங்கையும் அப்படியே எழுதினால் யாருக்கும் உறைக்காது. ஊதிய ஒப்பந்தத்துக்காக 2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை வேலைநிறுத்தம் தொடங்கியபோது 2.57, 2.44 என்று இரண்டு எண்கள் ஊர் முழுக்க அலைந்தன. பழைய அடிப்படைச் சம்பளத்தை எத்தனையால் பெருக்கிப் புதியதைத் தருவது என்பதில் நாம் கேட்ட மடங்கு முதலாவது, அரசு தர முன்வந்தது இரண்டாவது. பயணிகள் இருக்கட்டும், நம் ஆட்களிலேயே பாதிப் பேர் "பதின்மூன்று பைசாவுக்கா இவ்வளவு சண்டை?" என்றார்கள். பலகையில் இப்படி எழுதினேன்: "அடிப்படை 10,000 என்றால், கேட்பது 25,700. தருவது 24,400. மாதம் 1,300 குறைகிறது." அதன்பிறகு பைசா பேச்சு வரவில்லை.

அந்த எட்டு நாளும் இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தன. போராட்டக் காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் போட வேண்டும். "காலை 7.10", "பகல் 2.40" என்று. பழைய பஸ் நிலையத்தில் ஒரு வதந்தி கிளம்பினால் டோல்கேட் தாண்டுவதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிடும். உயர் நீதிமன்றம் மத்தியஸ்தரை நியமித்து 11ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தபோதும், எத்தனை மணிக்கு வேலைக்குத் திரும்பச் சொன்னோம் என்பது பலகையில் நேரத்தோடு இருந்ததால்தான் பிறகு வருகைப் பதிவில் தகராறு வந்தபோது பேச முடிந்தது.

மெமோ, சஸ்பெண்ட் விவகாரங்களில் பெயர் எழுதவே கூடாது. நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம். "தோழர் இன்னாரின் பணிநீக்கத்தை எதிர்த்து" என்று நீங்கள் வீரமாக எழுதுவீர்கள். அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும் பிள்ளை அதைப் படிக்கும். விவரத்தை எழுதுங்கள், ஆளை விடுங்கள். நான் வருடத்துக்கு இரண்டு முறை எழுதும் வரி இது: "தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்து 180 நாள் வரை முக்கால், அதன்பின் முழுதும். 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம்." இதைப் படித்துவிட்டு, கேட்க வெட்கப்பட்டவர்கள் இருட்டிய பிறகு வந்து விசாரித்திருக்கிறார்கள்.

ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியலை ஜனவரியிலேயே எழுதுங்கள், ஆனால் அடியில் "மாறுதலுக்கு உட்பட்டது" என்று சேர்த்துவிடுங்கள். 2020 மே மாதத்தில் ஓய்வு வயது 58 என்பது 59 ஆனது. மே 31 அன்று விடைபெற வேண்டியவர்களுக்கு நான் சால்வை வாங்கிவைத்துவிட்டேன். அடுத்த ஆண்டே 60 ஆனது. சால்வைகள் இரண்டு ஆண்டு என் பீரோவில் ரசகற்பூர உருண்டையோடு தூங்கின.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கையும் எழுதிப் போடுங்கள். யாருடைய சொந்தச் சம்பளத்தையும் எடுக்காமல், உதாரணமாக. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000 என்று வைத்தால், 15ஆல் பெருக்கி 26ஆல் வகுக்க, ஓர் ஆண்டுப் பணிக்கு 30,000. பணிக்காலம் 28 ஆண்டு என்றால் 8,40,000. ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதுவும் ஓர் ஆண்டுதான். முப்பது நாளில் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. கடைசி வரியை மட்டும் சிவப்பில் எழுதுவேன். ஏன் என்று ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும்.

நிதி திரட்டினால் பெயர்களைப் பணியாளர் எண் வரிசையில் எழுதுங்கள். எனக்கு முன் எழுதியவர், கையெழுத்து அச்சுப்போல இருக்கும், பெரிய தொகையை மேலே போடுவார். இறந்துபோன ஒருவர் குடும்பத்துக்கு வசூலித்தபோது டயர் பிரிவு உதவியாளர் ஒருவர் 20 ரூபாய் கொடுத்தார். அவர் பெயர் அடியில், பலகையின் மரச்சட்டத்தை ஒட்டி இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் பின்பக்க வழியாக வந்து போனார். எண் வரிசையில் போட்டு, தொகையை எழுதாமல் மொத்தத்தை மட்டும் கீழே எழுதுங்கள். ரசீதுப் புத்தகம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சந்தா வரவு செலவு மட்டும் பைசா சுத்தமாக, மாதம் ஐந்தாம் தேதிக்குள். டீச் செலவையும் எழுதிவிடுங்கள். எழுதாத டீதான் பொதுப்பேரவையில் பூதமாக எழும்.

மற்ற சங்கங்களைக் கிண்டல் செய்து எழுதாதீர்கள். அவர்களும் அதே பலகையைத்தான் படிக்கிறார்கள், நிர்வாகமும் படிக்கிறது.

சாவுச் செய்திக்குத் தனிக் கவனம் வேண்டும். பெயர், பணியாளர் எண், ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு. அதோடு அந்த ஊருக்கு நம் வண்டி எது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, யார் யார் டூட்டி மாற்றிக்கொள்ளத் தயார் என்பதும். பஸ்காரன் சாவுக்குப் பஸ்காரனால் போக முடியாமல் போவதைவிடக் கொடுமை இல்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் தோழர் வீட்டில் என்றால் அன்றைக்கே நல்லடக்கம் முடிந்துவிடும். மாலைவரை காத்திருந்து எழுதினால் பயனில்லை. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு உடனே எழுதுங்கள்.

செய்தியே இல்லாத நாளும் வரும். எங்கள் டீக்கடைக்காரர் கேலி செய்வார்: நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நம் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு அல்லவா, அதில் செய்தியில்லாப் பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பார். சாமியில்லாக் கோயில் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1981இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் திரும்பி வந்தபின் அது பொருந்தாது என்று நான் பதில் சொல்வேன். செய்தியில்லாத நாளில் தேதியை மட்டும் மாற்றுங்கள். நேற்றைய தேதியோடு பலகை நின்றால், செயலாளர் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அழிப்பதற்கு முன் எழுதியதை நோட்டில் பிரதி எடுங்கள், தேதியோடு. இப்போது போனில் படமெடுத்தாலும் போதும், ஆனால் போன் மாறும்போது படம் போய்விடும். என்னிடம் நீளநோட்டு ஏழு இருந்தன, எல்லாவற்றையும் புதியவரிடம் கொடுத்துவிட்டேன். சுற்றறிக்கை ஒட்டும் கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்று டீக்கடையில், பால் சட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.