மின்தடையில் மீன்தொட்டி: 12 வோல்ட் பேட்டரி ஏற்பாடு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சில நாள் மாலையில்தான் வரும். முதலில் பவர் பேங்க்கில் யூஎஸ்பி ஏர் பம்ப் மாட்டினேன். பம்ப் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிட்டது. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன.

இப்போது இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யூபிஎஸ் பேட்டரி, 3 வாட் டிசி ஏர் பம்ப், அந்தக் காற்றிலேயே ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். பம்ப் இழுப்பது கால் ஆம்பியர். இது லெட் ஆசிட் வகை; அதன் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தாலும் சுமார் 14 மணி நேரம் ஓடும்.

கரண்ட் போனதும் தானாக ஓட ஒரு 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போதும். அதை இயக்கும் காயிலுக்குச் சுவரிலுள்ள 12 வோல்ட் அடாப்டர். பேட்டரியிலிருந்து பம்புக்குப் போகும் வயர் என்சி முனை வழியாக; காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது மட்டும் இணையும் முனை இது. பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சார்ஜர் 13.6 வோல்ட்டில் நிற்க வேண்டும்; சாதாரண அடாப்டரை நேரடியாகக் கொடுத்தால் பேட்டரி முழுதாக ஏறாது.

பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், குழாயில் செக் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடுங்கள். இல்லையென்றால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி பம்பைக் கெடுத்துவிடும்.

தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, மீன் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா செத்திருக்கலாம்; திறந்தால் அழுகிய முட்டை வாடை வரலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (உள்ளே இருக்கும் வடிகட்டும் பொருளை) ஒரு வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசிய பிறகு ஓட்டுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் இரை போட வேண்டாம்.